முதல் கதவு

பன்னிரண்டாங்கட்டைத் தோட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவரை இனி ஜனங்களே பொறுக்கிக்கொள்ளலாம் என்று துரை சொன்ன நாளிலிருந்து வேலாயிக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அது திருவிழா முன்கூட்டியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதுவரை தோட்டத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கங்காணி வாய்தான் சட்டம். புருஷன் பெண்டாட்டியை அடித்தாலும் அவரிடம்தான் போக வேண்டும், கிணற்றடியில் குடம் உடைந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். போகிறபோது கையில் ஒரு கோழியும் போக வேண்டும். மலாக்கா டவுனிலிருந்து வந்த லேபர் ஆபீசர் ஒருவர், இதெல்லாம் கூடாது, ஜனங்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். போகிறவருக்கு என்ன, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடலாம். இருமுகிறவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள்.

துரை அதோடு இன்னொன்றும் சொன்னார். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற கிடையில் எல்லாக் குடும்பத்துக்கும் வேலை கொடுக்க முடியாது. லயத்தில் சில கதவுகளை மூடித்தான் ஆகவேண்டும். எந்தக் கதவு முதலில், எது அடுத்தது என்று புதுத் தலைவர் வந்து சொல்லட்டும், அந்த வரிசைப்படி இந்தியாவில் அவரவர் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடலாம் என்றார். லயத்தில் ஒரு குடும்பம் என்றால் ஒரு கதவு. இதையெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராமையா, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று தமிழில் சொன்னபோது, பாதிப் பேர் 'நாமே பொறுக்கலாம்' என்ற இடத்திலேயே மகிழ்ந்து நின்றுவிட்டார்கள். வேலாயிக்குப் பின்பாதிதான் காதில் விழுந்தது.

கப்பல் என்றால் மற்றவர்களுக்கும் பயம்தான். நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயம் லயமாகக் காலி செய்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனால் போய் இறங்க அவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது. மழை பெய்யாத ஊராக இருக்கலாம், கஞ்சி இல்லாத ஊராக இருக்கலாம், இருந்தாலும் ஊர். வேலாயிக்கும் அவள் புருஷன் அங்கமுத்துவுக்கும் அது இல்லை. துறையூர்ப் பக்கத்து ஒரே ஊர்தான் இருவருக்கும். அவன் ஒரு தெரு, அவள் அந்தத் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாத வேறு சாதி. வேலாயி கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். தாயும் தகப்பனும் இந்தத் தோட்டத்து மண்ணிலேயே போய்விட்டார்கள். இங்கே அவளும் அங்கமுத்துவும் பக்கத்து நிரைகளில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்தார்கள், பிறகு ஒரு வீட்டில் உலை வைத்தார்கள். லயத்தில் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு ஐந்தாம் நாள் குழம்பு கேட்டு வந்தார்கள். அங்கமுத்துவின் அண்ணன் மட்டும் ஊரிலிருந்து திரும்பி வந்த ஆள் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தான்: நீ வந்தால் வா, அவளோடு வந்தால் ஊருக்குள் பிணம்தான் வரும் என்று. வேலாயி அதை மறக்கவில்லை. அங்கமுத்து மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் அவர்களேதான் சொல்வார்கள். அங்கமுத்துவுக்கு இரண்டில் எது பொருந்தும் என்பது கல்யாணமான நாளிலிருந்து வேலாயிக்கு விளங்கவில்லை. நியாயம் பேச வேண்டிய இடத்தில் அவனுக்கு நாக்கு தரிக்காது. தலைவர் பொறுப்புக்குக் கங்காணியின் மச்சினன் சிவசாமி நிற்கிறான் என்று தெரிந்ததும், மறுயோசனை இல்லாமல் நானும் நிற்கிறேன் என்று கிராணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னது அதற்கப்புறம்தான்.

மாசிக் காற்று தொடங்கியிருந்தது. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றன. காலடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தில் பக்கத்து நிரையில் ஆள் வருவது தெரியும். இலை உதிர்ந்தால் பாலும் வற்றும். பால் பிடிக்கும் மங்கு நிறைய வழிந்த மரங்களெல்லாம் மங்கின் அடியை மட்டும் நனைத்துவிட்டு நின்றுகொண்டன. வேலாயி உளியைப் பட்டையில் வைத்து இழுக்கும்போது, பக்கத்து நிரையிலிருந்து அங்கமுத்துவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

"மரத்துக்கிட்ட. நாயித்துக்கெழம களத்துல பேசணுமில்ல, பழகிக்கிறேன்."

"மரம் திருப்பிக் கேக்காது. அங்க கேப்பாங்க."

"கேக்கட்டுமே. கேக்க விடாமதானே இத்தன வருசம் வாயக் கட்டி வச்சிருந்தாங்க."

"நீங்க நிக்கலன்னா இப்ப என்ன கெட்டுப்போச்சு? சிவசாமி நிக்கட்டும். அவுங்க எப்பவும்போல இருந்துட்டுப் போறாங்க. நாம வெட்டுனமா, பால ஊத்துனமா, வீட்டுக்கு வந்தமான்னு இருப்போம்."

"கெணத்துத் தண்ணி கொழகொழன்னு நாறுதுன்னு நேத்துக் கத்துனது யாரு?"

"கத்துறது வேற, நிக்கிறது வேற."

அங்கமுத்து சிரித்தான். "ஸ்டோர்ல பால் தொட்டி கழுவுற தண்ணி மேட்டுலேருந்து நேரா நம்ம கெணத்தடிக்கு எறங்குது. குறுக்க ஒரு வாய்க்கா வெட்டி அந்தாண்ட ஓடைக்குத் தள்ளுனா தீந்துபோச்சு. புள்ளைங்க வயித்தால போயிக் கெடக்குதுங்க. இத ஒருத்தன் தொரைகிட்டப் போயிச் சொல்லமாட்டேங்கிறானே புள்ள."

"எந்தக் கதவ மூடுறதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பக்கத்து நிரையில் உளிச் சத்தம் நின்றது.

"அதுக்கு ஒரு வழி இருக்கும்லா."

"என்ன வழி?"

"பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' வேலாயிக்கு நன்றாகப் பழகிய சொல். அரிசி தீர்ந்தாலும் பாத்துக்கலாம், கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம். இழுத்த வேகத்தில் உளி ஆழமாக இறங்கிவிட்டது. மரத்தின் வெள்ளை தெரிந்தது. மரத்தில் காயம் பட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் போடுவான், அந்த மண்டோரும் இதே சிவசாமிதான். ஈர மண்ணை எடுத்துக் காயத்தில் பூசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது முனியம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முனியம்மா வீடும் வேலாயி வீடும் ஒரே பலகைச் சுவரின் இரண்டு பக்கம். வேலாயிக்குப் பிரசவம் பார்த்தது முனியம்மாதான். அவள் புருஷனுக்குக் கால் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம்.

"தண்ணியப் பாத்தியா, வேலாயி? குடத்துல மொண்டா ஆடை கட்டுது."

"பாத்தேன்க்கா."

"ஒம் புருசன் வந்தாத்தான் இதுக்கு விடிவு. கங்காணி மச்சினன் வந்தா என்ன செய்வான்? அவன் வீட்டுத் தண்ணி பங்களா கெணத்துலேருந்து வருது."

"எனக்குப் பயமா இருக்குதுக்கா. கப்பல் பேச்சு பேசுறாங்களே."

முனியம்மா கயிற்றை இழுப்பதை நிறுத்தினாள். "பயம் ஒனக்கு மட்டுமா? எங்க வீட்டுல ஒரு ஆம்பள, அதுவும் நொண்டி. மூடுறதுன்னா எந்தக் கதவுலேருந்து ஆரம்பிப்பாங்க? இருமக்காரப் பிச்சமுத்து வீடு ஒண்ணு, எங்க வீடு ஒண்ணு. அதனாலதான் சொல்றேன், நம்ம ஆளு ஒருத்தன் அங்க இருக்கணும். நாங்கல்லாம் ஒம் பக்கம் இருக்கமில்ல. தைரியமா இரு."

வேலாயி அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிக் கருவாடும் வைத்துக் கொஞ்சம் சாப்பிட்டாள். முனியம்மா அப்படிச் சொன்னது வயிற்றுக்கு இதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வெயில் தணிவதற்கு முன்பே பிரட்டுக்களம் நிறைந்துவிட்டது. களத்தின் ஒரு ஓரத்தில் மாரியம்மன் கோயில். எதிரே கிராணி ராமையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தரையில் இரண்டு சாக்குகள் விரித்திருந்தன. ஒன்று சிவசாமிக்கு, ஒன்று அங்கமுத்துவுக்கு. கதவுக்கு ஒரு பால் மங்கு கொண்டுவர வேண்டும், பேசுகிறதையெல்லாம் கேட்டுவிட்டுப் பிடித்தவன் சாக்கில் அதை வைக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான் கண்டுபிடித்த முறை என்று கிராணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். யார் யாருக்கு வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்துபோகும் என்பது அவருக்குத் தோன்றவில்லையோ, தோன்றித்தான் செய்தாரோ.

சிவசாமி முதலில் பேசினான். கோட்டு போட்டிருந்தான். கழுத்து வேர்த்தது.

"நான் சுத்தி வளைக்கமாட்டேன். தொரைகிட்ட நின்னு பேசுற பழக்கம் எனக்கு உண்டு. நான் சொன்னா கேப்பாரு. திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு வாங்கித் தர்றேன். ஆயாக்கொட்டகைக் கூரைய மாத்தித் தர்றேன். சண்ட சச்சரவு இல்லாம பாத்துக்கறேன்."

"கெணத்துத் தண்ணிக்கு என்ன செய்வீங்க மண்டோரே?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"மழை பேஞ்சா தானா தெளிஞ்சிரும்."

"அப்ப மழையத் தலைவராப் போட்டுறலாம்" என்று யாரோ சொல்ல, களமே சிரித்தது. கிராணி நாற்காலிக் கையைத் தட்டினார்.

அங்கமுத்து எழுந்தபோது வேலாயி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அவன் மரங்களிடம் பழகிய பேச்சு வீண்போகவில்லை. ஸ்டோர்த் தண்ணீரைச் சொன்னான், வாய்க்கால் எங்கே வெட்ட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினான், வழக்குக்கு ஒரு கோழி என்று கங்காணி வீட்டில் கோழிப்பண்ணையே வளர்ந்துவிட்டதைச் சொன்னான். கங்காணி வீட்டுக்காரர்கள்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்தார்கள்.

"நான் ஒங்கள்ள ஒருத்தன். நீங்க மங்கு வச்சு என்னத் தூக்கி விட்டுட்டு, நான் செய்யலன்னா, இதே களத்துல என்ன நிறுத்தி வச்சுக் கேளுங்க. பதில் சொல்லாம நான் நவுந்தா எம் முகத்துல துப்புங்க. தலைவன்னா கேட்டதுக்குப் பதில் சொல்றவன்தான், வேறென்ன."

கைதட்டினார்கள். வேலாயிக்கு நெஞ்சு நிறைந்தது உண்மை. பயந்து பயந்து இருந்தவளுக்குக்கூட, இவன் என் புருஷன் என்று பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அப்போது பிச்சைமுத்து எழுந்தான். புல்வெட்டுகிறவன், இருமல்காரன், பெண்டாட்டி செத்துப்போய் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவன். இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தண்ணி, கூரை எல்லாம் சரி. அதெல்லாம் இங்க இருக்கப்போறவனுக்கு. யாரு இருக்கப்போறா, யாரு போகப்போறா? அதச் சொல்லுங்க. மொதக் கதவு எது?"

களத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எந்தக் கதவையும் மூட விடமாட்டேன்" என்றான் சிவசாமி.

"அம்மன் முன்னால கற்பூரம் ஏத்தச் சொல்றேன். அணச்சுச் சத்தியம் பண்றீங்களா?"

"சும்மாச் சும்மா கற்பூரம் அணைக்க இது என்ன கோழி திருட்டு வழக்கா?"

பிச்சைமுத்து அங்கமுத்து பக்கம் திரும்பினான். "நீ சொல்லு தம்பி. பதில் சொல்றவன்தான் தலைவன்னு இப்பத்தான் சொன்ன."

வேலாயி தூரத்திலிருந்தே அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம், சிவசாமியைப் போலவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அத்தனை முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மூடத்தான் போறாங்க அண்ணே. தொரை வாயாலயே சொல்லிட்டாரு. இல்லன்னு நான் சொன்னா அது பொய்யி. பந்தியில பரிமாறுறவன் கடசியிலதான் திங்கணும். பட்டினின்னு வந்தா அவன்தான் மொதல்ல கெடக்கணும். ஒரு கதவ மூடித்தான் ஆகணும்னா, மொதக் கதவா எங்க வீட்டத்தான் சொல்லுவேன். அடுத்தவன் வீட்டச் சொல்ல அதுக்கப்புறந்தான் எனக்கு வாய் வரும்."

சொன்ன பிறகு, சொல்லிவிட்டோமே என்ற திகைப்பு அவன் கண்ணில் வந்து போனது. அதை வேலாயி ஒருத்திதான் கண்டாள். மற்றவர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கற்பூரம் வந்தது. பூசாரி நல்லமுத்து கோயில் படியில் அதை வைத்துவிட்டு, அங்கமுத்துவைக் கையமர்த்தினார்.

"வீட்டையே கட்டிப்போடுற சத்தியம் இது. ஆம்பள கை மட்டும் பத்தாது. வீட்டுக்காரி கையும் அவன் கை மேல இருக்கணும். இல்லன்னா அம்மன் ஏத்துக்கமாட்டா."

அந்தத் தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். தலைகள் எல்லாம் வேலாயி பக்கம் திரும்பின. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. முனியம்மா கையை நீட்டி, "பிள்ளயக் குடு, நான் வச்சுக்கறேன்" என்றாள்.

வேலாயி நடந்து போய்ப் படியருகில் நின்றாள்.

"கிராணி ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா. இன்னிக்கு எல்லாரும் கேக்கலாம்."

வேலாயி கிராணியைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "மொதக் கதவு எங்களுதுன்னு அவரு சொல்லிட்டாரு. நீங்களும் கை தட்டிட்டீங்க. சரி. ரெண்டாவது கதவு யாரோடது? பதில் சொல்லணும்னு அவர மட்டும் கேட்டா எப்பிடி? அதையும் இங்கயே யாராவது சொல்லுங்க. ரெண்டு கற்பூரமா ஏத்திறலாம்."

பிச்சைமுத்து இருமினான், பிறகு இருமலையும் அடக்கிக்கொண்டான். வேலாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரெண்டாவது கதவு எங்களுது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் தாயி, நீங்கள் போக வேண்டாம், எல்லோருமாகத் துரையிடம் போய் நிற்போம் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அவள் எதற்காக நிற்கிறாள் என்பது களத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களுக்கு ஊரில் தெரு இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். முனியம்மா குனிந்து பிள்ளையின் இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வேலாயி, வேணாம்னா வேணாம்னு சொல்லிடு" என்றான் அங்கமுத்து மெல்ல.

"இப்பத்தான் என்னக் கேக்கத் தோணுச்சா" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்காமல் இல்லை. சிவசாமி தலைவனாவான். கோழிப்பண்ணைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கங்காணி வீடு, முதல் கதவாக எதைச் சொல்லும் என்று குழந்தைக்கும் தெரியும். இவன் கிராணியிடம் போய் நானும் நிற்கிறேன் என்று சொன்ன அன்றைக்கே அந்தக் கதவு மூடிவிட்டது. இன்றைக்கு அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அங்கமுத்து கற்பூரத்தின் மேல் கையை நீட்டினான். அதன் மேல் தன் கையை வைத்தாள். அவன் உள்ளங்கையைத் தீயில் அழுத்தியபோது சூடு அவன் கையைத் தாண்டி அவளுக்கும் வந்தது.

அதற்குப் பிறகு மங்குகள் வந்தன. அங்கமுத்துவின் சாக்கில் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வைக்கிறவர்கள் அவனைக் கும்பிட்டார்கள், வேலாயியைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். முனியம்மா ஒரு இடுப்பில் வேலாயியின் பிள்ளையோடு வந்து தன் வீட்டு மங்கை அங்கமுத்துவுக்குத்தான் வைத்தாள். சிவசாமி சாக்கில் சொந்தக்காரர்கள் வைத்ததோடு சரி. தோற்றவன் முகம் அவனுக்கு இல்லை. முதல் ஆளாக வந்து அங்கமுத்துவின் தோளைத் தட்டினான்.

"நல்ல தலைவர் கெடச்சாரு. காலையிலயே தொரைகிட்டப் போயிச் சொல்லிடு. நீ போனப்புறம் இந்த ஜனங்கள நான் பாத்துக்கறேன், கவலப்படாத."

அங்கமுத்துவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது போல இருந்தது.

வீட்டில் வேலாயி அவன் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். பொழுது சாயவில்லை. லயத்து வாசலில் பிள்ளைகள் மங்கு வைத்துத் தலைவர் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"தொரை மனசு மாறுனாலும் மாறும். ரப்பர் வெல ஏறுதுன்னு டவுன்ல பேசிக்கிறாங்களாம்."

அவள் அவன் விரல்களுக்கும் எண்ணெய் தடவினாள்.

"வாய்க்கா மட்டும் வெட்டிக் குடுத்துட்டுத்தான் போவேன். அதக் கேட்டு வாங்கிருவேன்."

"வெட்டிக் குடுங்க."

"ஏசிரு புள்ள. ஏசாம இருக்காத."

"ஒங்க அண்ணன் ஊர் எல்லையில நிப்பாரு, அவருகிட்டப் போயி ஏசிக்கலாம்."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வேலாயி ராத்திரிக் குழம்புக்கு மிளகாய் அரைக்க அம்மி முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் யார் கால் சத்தம் கேட்டாலும் கை நின்றது. களத்தில் கூட்டத்துக்கு நடுவில் வாய் வராமல் போயிருக்கலாம், வீட்டுக்கு வந்தாவது யாராவது சொல்லமாட்டார்களா என்று இன்னும் அவளுக்கு நப்பாசை இருந்தது. முருங்கைக் கீரை ஒரு கட்டைப் படியில் வைத்துவிட்டு ஒருத்தி போனாள். பிச்சைமுத்துவின் மூத்த பெண் ஒரு கிண்ணத்தில் வறுத்த கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பா குடுத்து வரச் சொன்னாரு" என்று ஓடிவிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்தது முனியம்மா மட்டும்தான். தூங்கிவிட்ட பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீ இன்னிக்கு அங்க நின்ன பாரு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு, ஆயி. ஒன்ன மாதிரி ஒருத்திய நான் கண்டதில்ல."

"சொல்லுங்கக்கா" என்றாள் வேலாயி. குழவியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முனியம்மா கூரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுன்னாலும் சொல்லுங்க."

"இல்ல... கேக்கக் கூடாதுதான். வேற யாராவது வந்து கேட்டுருவாங்களேன்னு பாத்தேன்." முனியம்மா குரலைத் தாழ்த்தினாள். "இந்த அம்மிய எல்லாம் கப்பல்ல ஏத்த விடமாட்டாங்கல்ல?"

வேலாயி பிடித்த கையை விடக் கொஞ்ச நேரமாயிற்று.

"மாட்டாங்கதான் அக்கா."

பாதி அரைபட்ட மிளகாயை விரலால் சுத்தமாக வழித்துச் சட்டியில் போட்டாள். குடத்திலிருந்து நாற்றமடித்த தண்ணீரை எடுத்து ஊற்றி அம்மியைக் கழுவத் தொடங்கினாள். முனியம்மா எழுந்து கதவோரம் போய் நின்று காத்திருந்தாள்.